தீர்ப்பு வரும்வரை செய்தியே போடக் கூடாதா?

இதழியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "பரபரப்பான செய்திகளால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு நியாயமான விசாரணை கிடைக்காமல் போகிறது என்கிறார்கள். அப்படியானால் தீர்ப்பு வரும்வரை எந்த வழக்கைப் பற்றியும் செய்தி வெளியிடக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்துவிட்டால் என்ன? அல்லது, பத்திரிகைச் சுதந்திரம் என்பதால் எதையும் எழுதலாமா?"

கேள்வியில் இருக்கும் கவலை நியாயமானது. ஆனால் அந்தத் தடைச் சட்டம் வேண்டாம் என்பேன். இருபது வருஷத்துக்கு மேலாகக் குற்றவியல் வழக்குகள் நடத்தி வருகிறேன், பெரும்பாலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் செஷன்ஸ் கோர்ட்டிலும்தான். விசாரணை நடக்கும் அறைக்குள் நிருபர் உட்கார்ந்திருந்ததால் ஒரு வழக்கு கெட்டுப்போனதாக எனக்கு நினைவில்லை. கைதான மறுநாள் காலையில் வந்த செய்தியால் கெட்டுப்போன வழக்குகள் எத்தனை என்று கேட்டால், உட்கார்ந்து எண்ணித்தான் சொல்ல வேண்டும்.

அதில் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு செயின் பறிப்பு வழக்கு. நான்கு பவுன் சங்கிலியைப் பறிகொடுத்த அம்மா, பறித்தவனை ஒரு நொடிதான் பார்த்திருந்தார். நான்கு நாள் கழித்து ஓர் இளைஞனைப் பிடித்தார்கள். மறுநாள் நாளிதழில் அவன் முகம் தெளிவாகத் தெரியும்படி படம் வந்துவிட்டது. அதற்கு இரண்டு வாரம் கழித்துச் சிறையில் அடையாள அணிவகுப்பு. அவனைப் போன்ற வயதும் தோற்றமும் உள்ளவர்களோடு அவனையும் வரிசையில் நிறுத்தி, மாஜிஸ்திரேட் முன்னிலையில் சாட்சியை அடையாளம் காட்டச் சொல்வார்கள். அந்த அம்மா சரியாக அவனைக் காட்டினார். விசாரணையின்போது நான் கேட்டது ஒரே கேள்விதான்: "இவர் படத்தை அதற்கு முன்னால் பேப்பரில் பார்த்தீர்களா?" "பார்த்தேன், பக்கத்து வீட்டில் கொண்டுவந்து காட்டினார்கள்" என்றார். அவர் உண்மையானவர், மறைக்கத் தெரியவில்லை. அடையாள அணிவகுப்பு அத்தோடு மதிப்பிழந்தது, வழக்கில் வேறு வலுவான சாட்சியமும் இல்லை. நான்கு வருஷத்துக்குப் பிறகு விடுதலை.

இதில் யாருக்கு நியாயம் கிடைத்தது என்று யோசித்துப் பாருங்கள். இளைஞன் நிரபராதி என்றால், நான்கு வருஷம் ஊரில் திருடன் என்ற பெயரோடு நடமாடினான். அவன்தான் பறித்தவன் என்றால், அவனைக் காப்பாற்றியது அந்தப் படம். அந்த அம்மாவுக்கு எப்படியும் எதுவும் இல்லை. ஊடக விசாரணை பற்றிப் பேசும்போது குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமையை மட்டுமே பேசுகிறோம். புகார் கொடுத்தவரின் வழக்கையும் அது தின்றுவிடுகிறது என்பதைச் சேர்த்தே பேச வேண்டும்.

அடுத்தது, நம் நாளிதழ்களுக்கு மிகப் பிடித்த சொல்: "பரபரப்பு வாக்குமூலம்". கொலை நடந்த மூன்றாம் நாள், "ஏன் கொன்றேன்? கைதானவர் பரபரப்பு வாக்குமூலம்" என்று அரைப் பக்கச் செய்தி வரும். கைதானவரே பேசுவதுபோல, தன்மையில், "நானும் அவரும்..." என்று கதை ஓடும். வாசகருக்கு அதோடு வழக்கு முடிந்துவிட்டது. ஆனால் சட்டத்தில் அந்த வாக்குமூலத்துக்கு மதிப்பே கிடையாது. காவல்துறை அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவே சொல்லிவிட்டது. இன்றைக்கு அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 23-ஆம் பிரிவு. அந்த வாக்குமூலத்தால் ஏதேனும் பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதற்கு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும்தான் சாட்சியமாக உள்ளே வரலாம். மாஜிஸ்திரேட்டிடம் கொடுக்கும் வாக்குமூலம் வேறு. "நீ ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை, ஒப்புக்கொண்டால் உனக்கு எதிராகப் பயன்படும்" என்று அவர் எச்சரித்து, சுயவிருப்பத்தில்தான் பேசுகிறான் என்று திருப்தியான பிறகுதான் அதைப் பதிவு செய்ய முடியும்.

வெள்ளைக்காரன் காலத்திலேயே இந்தத் தடை ஏன் வந்தது? லாக்கப்பில் வாக்குமூலங்கள் எப்படி வாங்கப்படுகின்றன என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது. கோர்ட் தொடக் கூடாது என்று சட்டம் ஒதுக்கிவைத்த அதே தாளைத்தான் பத்திரிகை லட்சக்கணக்கானவர்கள் கையில் கொடுக்கிறது. இப்போது இதோடு மாவுக்கட்டுப் படமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. கைதானவர் கழிவறையில் வழுக்கி விழுந்து கை முறிந்ததாக ஒரு வரிச் செய்தி, கட்டுப் போட்ட கையோடு ஒரு படம், கீழே கைதட்டல்கள். விசாரணையே தொடங்காத ஒருவருக்குத் தண்டனை நிறைவேறியதைப் பார்த்து மகிழ்கிறோம். எனக்கு இது ஆழமான வருத்தம் தருகிற விஷயம், ஏனென்றால் கைதட்டுகிறவர்களில் படித்தவர்கள் நிறைய.

இதன் முழு விபரீதத்தையும் ஒரே வழக்கில் பார்க்க வேண்டும் என்றால் நாகர்கோவில்காரரான விஞ்ஞானி நம்பி நாராயணனைப் பாருங்கள். இஸ்ரோவின் கிரையோஜெனிக் எஞ்சின் திட்டத்தில் பொறுப்பிலிருந்தவரை 1994 நவம்பர் கடைசியில் கேரளப் போலீஸ் கைது செய்தது. ராக்கெட் ரகசியங்களை விற்றார் என்று குற்றச்சாட்டு. மாலத்தீவைச் சேர்ந்த இரு பெண்களும் வழக்கில் இருந்ததால் பத்திரிகைகளுக்குக் கேட்கவா வேண்டும்? விசாரணை அறையிலிருந்து கசிந்ததும் கற்பனையும் கலந்து தினமும் தொடர்கதை ஓடியது. அவர் ஐம்பது நாள் சிறையில் இருந்தார். வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போய், குற்றச்சாட்டுக்கு ஆதாரமே இல்லை என்று 1996-இல் அறிக்கை தாக்கல் ஆனது. மாநில அரசு மறுபடி விசாரிக்க முயன்றதை 1998-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2018 செப்டம்பரில் அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த வழக்கில் குற்றச்சாட்டு விசாரணை என்ற ஒன்று நடக்கவே இல்லை. சாட்சிக்கூண்டில் யாரும் ஏறவில்லை, குறுக்கு விசாரணை இல்லை. "தீர்ப்பு வரும்வரை கோர்ட் நடவடிக்கைகளை எழுதக் கூடாது" என்று அன்றைக்கு ஒரு சட்டம் இருந்திருந்தால்கூட அவருக்கு அது எந்த விதத்திலும் உதவியிருக்காது. அவரைத் துரோகி ஆக்கிய செய்திகள் காவல்துறையிலிருந்து வந்தவை.

நடப்புச் சட்டமும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறது. 1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி, நிலுவையிலுள்ள வழக்கைப் பாதிக்கும்படி எழுதுவதுதான் குற்றம். ஒரு குற்ற வழக்கு எப்போது 'நிலுவை' ஆகிறது? குற்றப்பத்திரிகை தாக்கலானதும், அல்லது கோர்ட் சம்மனோ வாரண்டோ அனுப்பியதும். குற்றப்பத்திரிகைக்கு 60 நாளோ 90 நாளோ ஆகும். அதற்குள் தாக்கல் செய்யாவிட்டால் காவலில் இருப்பவருக்கு ஜாமீன் உரிமை வந்துவிடும் என்பதால் அந்தக் கடைசி நாட்களை ஒட்டித்தான் பல வழக்குகளில் போலீஸ் தாக்கல் செய்யும். பத்திரிகையும் தொலைக்காட்சியும் கொதிப்பதோ முதல் பதினைந்து நாள். பாதுகாப்பு அவசியமாக இருக்கும் நாட்களில் சட்டம் தூங்குகிறது, எல்லாரும் மறந்த பிறகு விழித்துக்கொள்கிறது.

1969-இல் ஏ.கே. கோபாலன் வழக்கில், ஒருவர் கைதானதுமே வழக்கு நெருங்கிவிட்டதாகக் கொள்ளலாம் என்ற ரீதியில்தான் உச்ச நீதிமன்றம் பார்த்தது. அடுத்து வந்த 1971 சட்டம் அந்தப் பாதுகாப்பைச் சுருக்கிவிட்டது. கைது நாளிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 200-ஆவது அறிக்கையில், 2006-இல், பரிந்துரைத்தது. பிரிட்டனில் 1981 முதல் அப்படித்தான். அங்கே 2010 கடைசியில் பிரிஸ்டல் நகரில் நடந்த ஒரு கொலையில், குற்றமே செய்யாத வீட்டு உரிமையாளரைப் பற்றிக் கண்டபடி எழுதிய டெய்லி மிரர் பத்திரிகைக்கு 50 ஆயிரம் பவுண்டும் சன் பத்திரிகைக்கு 18 ஆயிரம் பவுண்டும் அபராதம் விழுந்தது. நம் நாட்டில் அந்தப் பரிந்துரை இன்னும் பரிந்துரையாகவே கிடக்கிறது. நடிகர் சுஷாந்த் சிங் மரணத்தை ஒட்டிய ஒளிபரப்புகள் பற்றிய வழக்கில் 2021 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம், புலன் விசாரணையைக் கெடுக்கும் ஒளிபரப்பும் நீதி நிர்வாகத்தில் தலையிடுவதே, அதுவும் அவமதிப்பாகலாம் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஓர் உயர் நீதிமன்றத்தின் விளக்கம் நாடாளுமன்றம் செய்ய வேண்டிய திருத்தத்துக்கு ஈடாகாது.

"நம்மிடம் ஜூரி முறை இல்லையே, படித்த நீதிபதிதானே தீர்ப்புச் சொல்கிறார், அவர் பேப்பரைப் பார்த்தா முடிவு செய்வார்?" என்று சக வழக்கறிஞர்களே கேட்பார்கள். சாதாரண மக்களில் சிலரே குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொன்ன ஜூரி காலத்தில் ஆபத்து வெளிப்படையாகவே தெரிந்தது. சென்னையில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் 1945-இல் ஜூரியின் பெரும்பான்மை முடிவால் தண்டிக்கப்பட்டார்கள். கொலையானவர் இந்து நேசன் என்ற பத்திரிகையை நடத்தியவர், குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் ஊரே கொண்டாடிய நட்சத்திரங்கள். ஜூரிகளும் அதே ஊரில் அதே செய்திகளைப் படித்துக்கொண்டிருந்தவர்கள்தான். அன்றைய உச்சபட்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு திரும்பி வந்து, 1947-இல்தான் விடுதலை. பம்பாயில் 1959-இல் நடந்த நானாவதி கொலை வழக்கில் பிளிட்ஸ் வார இதழ் கடற்படை அதிகாரியான நானாவதிக்காக வெளிப்படையாகப் பிரசாரமே செய்தது. ஜூரி எட்டுக்கு ஒன்று என்று குற்றமற்றவர் என்றது. செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார், அங்கே ஆயுள் தண்டனை, 1961-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 1973-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமல் போனது.

சரி, ஜூரி போய்விட்டது. ஆனால் நியாயமான விசாரணை என்பது கடைசியில் தீர்ப்பு எழுதுகிற ஒருவரின் மனம் மட்டும்தானா? சாட்சிகள் தொலைக்காட்சி பார்க்கிறார்கள். தாம் கண்டது எது, திரையில் பார்த்தது எது என்று ஒரு வருஷம் கழித்து அவர்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. அப்புறம் ஜாமீன். ஊரே பேசும் வழக்கில் கீழ்க் கோர்ட்டில் ஜாமீன் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது எங்களைப் போன்றவர்களுக்கு அன்றாட அனுபவம். நீதிபதி பேப்பரைப் பார்த்து முடிவு செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. தலைப்புச் செய்தியான வழக்கில் ஜாமீன் கொடுத்தால் நாளை தன் பெயரும் தலைப்பில் வரும் என்பது அவருக்கும் தெரியும், "உயர் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளட்டும்" என்று விட்டுவிடுவது எளிது. இதற்கும் தீர்ப்புக்கும் தொடர்பில்லை என்று நினைக்காதீர்கள். உள்ளே இருப்பவரால் வழக்கறிஞரோடு நிதானமாக உட்கார்ந்து பேச முடியாது, தன் தரப்புச் சாட்சிகளைத் தேட முடியாது.

வழக்கறிஞர்களும் தப்பவில்லை. மக்கள் கொதித்துப்போயிருக்கும் வழக்குகளில் "இவனுக்காக யாரும் ஆஜராகக் கூடாது" என்று சங்கங்கள் தீர்மானம் போட்டிருக்கின்றன. கோயம்புத்தூர் வழக்கறிஞர் சங்கம் காவலர்களுக்கு எதிராகப் போட்ட அப்படியொரு தீர்மானத்தை ஒட்டித்தான் 2010 டிசம்பரில் முகமது ரஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தகைய தீர்மானங்கள் செல்லாது, தொழில் நெறிக்கும் அரசியல் சாசனத்துக்கும் எதிரானவை என்றது. வழக்கறிஞரே இல்லாமல் நிற்பவருக்கு எவ்வளவு நல்ல நீதிபதி கிடைத்து என்ன பயன்?

2019-இல் ஹைதராபாத் அருகே நடந்தது இன்னும் கொடுமை. ஒரு பாலியல் வன்கொலை வழக்கில் கைதான நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக்கொன்றது. பூத்தூவிக் கொண்டாடினார்கள். உச்ச நீதிமன்றம் நியமித்த சிர்புர்கர் ஆணையம் 2022-இல் அது திட்டமிட்டே நடத்தப்பட்டது என்றது. கொல்லப்பட்டவர்களில் மூன்று பேர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது.

இவ்வளவு சொன்ன பிறகும் தடைச் சட்டத்தை ஏன் எதிர்க்கிறேன்? மூடிய கதவு என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கு, தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பூந்தமல்லி கோர்ட்டில் பொதுமக்களும் நிருபர்களும் இல்லாமல் நடந்தது. காவல் கண்காணிப்பாளரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் தடாவில் செல்லும். 1998 ஜனவரியில் 26 பேருக்கும், ஒருவர் பாக்கி இல்லாமல், தூக்கு. அடுத்த வருஷம் மே மாதம் உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அவ்வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரி தியாகராஜன், வெடிகுண்டில் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட பேட்டரியை எதற்காக வாங்கினோம் என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாக 2013-இல் ஒப்புக்கொண்டார். அதற்குள் 22 வருஷம் போய்விட்டது. அந்த விசாரணை அறைக்குள் அன்றாடம் நான்கு நிருபர்கள் உட்கார்ந்து, எதிர்த்தரப்பு கேட்ட கேள்விகளையும் எழுதியிருந்தால், ஊர் அந்த வழக்கை இன்னும் கொஞ்சம் முன்பாகவே வேறு மாதிரி பார்த்திருக்கும் என்று நம்புகிறேன்.

கோர்ட் திறந்திருக்க வேண்டும் என்பதே பொது விதி. இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 366-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. பாலியல் வன்கொடுமை வழக்குகள்தான் முக்கிய விலக்கு, அவற்றை மூடிய அறையில் நடத்துவதும் பாதிக்கப்பட்டவரின் பெயர் வெளிவராமல் காப்பதும் சரியே. மற்றபடி கோர்ட்டில் நடந்ததை நேர்மையாகவும் பிழையில்லாமலும் எழுதுவது அவமதிப்பு ஆகாது என்று அவமதிப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவே பாதுகாப்புக் கொடுக்கிறது. உண்மையிலேயே விசாரணை கெடும் நிலை வந்தால், குறிப்பிட்ட செய்தியைச் சிறிது காலம் தள்ளிவைக்கச் சொல்ல உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் அதிகாரம் உண்டு என்று 2012-இல் சஹாரா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. வேறு வழி இல்லாதபோது மட்டும், தேவையான அளவுக்கு மட்டும். அது போதும்.

நேர்மையான செய்தி வழக்கைக் காப்பாற்றியதற்கும் நம்மிடம் உதாரணம் இருக்கிறது. 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது, செய்தி பரவியதும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமாக முன்வந்து வழக்கை எடுத்தது. காவல் நிலையத்தையே வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர வைத்தது. அன்றைக்கு எல்லாரும் "தீர்ப்பு வரட்டும்" என்று வாயை மூடிக்கொண்டிருந்தால் தீர்ப்பு சொல்ல ஒரு வழக்கே இருந்திருக்காது.

நீதிபதிகள் விசாரணையின்போது சொல்வதை எழுதலாமா என்பதற்கும் தமிழ்நாட்டிலிருந்தே விடை வந்தது. 2021 ஏப்ரலில் கொரோனா பரவலுக்குத் தேர்தல் ஆணையம்தான் பொறுப்பு, கொலை வழக்கே போடலாம் என்ற பொருளில் சென்னை உயர் நீதிமன்றம் வாய்மொழியாகச் சொன்னது. இப்படிப்பட்ட வாய்மொழிக் கருத்துகளை ஊடகங்கள் எழுதக் கூடாது என்று ஆணையம் உச்ச நீதிமன்றம் போனது. அந்தச் சொற்கள் கடுமையானவை என்று ஒப்புக்கொண்ட உச்ச நீதிமன்றம், செய்தி வெளியிடத் தடை போட மறுத்துவிட்டது. சரியான முடிவு. ஆனால் நிருபர்களுக்கு ஒரு கடமை இருக்கிறது. "நீதிபதி காட்டம்", "சரமாரிக் கேள்வி" என்று வருவதில் பாதி, வழக்கறிஞரின் வாதத்தைச் சோதிக்க நீதிபதி கேட்டுப் பார்க்கும் கேள்விகள். உத்தரவு நேர் எதிராகக்கூட வரும். கேள்வி எது, உத்தரவு எது என்று பிரித்து எழுத இரண்டு வாக்கியம் கூடுதலாகத் தேவைப்படும், அவ்வளவுதான். கோர்ட் நேரலையிலிருந்து வெட்டிப் போடும் முப்பது நொடித் துண்டுகளுக்கும் இதுவே பொருந்தும்.

நீங்கள் நிருபராகப் போகிறவர், எனவே இன்னொன்றும் சொல்கிறேன். செய்தியாளர்களிடம் போலீஸ் என்ன சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று விரிவான வழிகாட்டி தயாரிக்கும்படி 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உள்துறை அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. குழாயை மூட வேண்டிய இடம் அதுதான். அதுவரை உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். "கொலையாளி கைது" என்பதற்குப் பதில் "கொலை வழக்கில் ஒருவர் கைது" என்று எழுத இரண்டு சொல்தான் கூடுதல். வாக்குமூலம் என்று போலீஸ் கொடுப்பதை, போலீஸ் சொல்வது என்றே எழுதுங்கள். அடையாள அணிவகுப்பு முடியாமல் முகத்தைப் போடாதீர்கள். குற்றப்பத்திரிகை வந்ததும் அதைப் படியுங்கள், சாட்சி விசாரணை நாளில் வந்து உட்காருங்கள், குறுக்கு விசாரணையையும் எழுதுங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண் ஒன்று உண்டு. இ-கோர்ட்ஸ் தளத்தில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா தேதி யாருக்கும் தெரியும், எனவே தீர்ப்பு நாளைத் தவறவிட வேண்டியதில்லை.

மேலே சொன்ன அந்தச் சங்கிலி வழக்கில் தீர்ப்பு நாளன்று கோர்ட் அறையில் இருந்தவர்கள் நீதிபதி, பெஞ்ச் கிளார்க், அரசு வழக்கறிஞர், நான், அந்த இளைஞன், அவனுடைய அம்மா. விடுதலை என்று கேட்டதும் அவன் அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "இது பேப்பர்ல வருமாய்யா?"